போட்டி இருந்தால் மட்டும் போதுமா? காங்கிரஸ் தலைவர் தேர்தல் சொல்லும் பாடம்

'போட்டியின்றித் தேர்வு.' கட்சித் தலைவர் தேர்தல் என்றாலே நம் ஊரில் வழக்கமாக வரும் தலைப்பு இதுதான். 2022 அக்டோபர் 9 அன்று ஸ்டாலின் இரண்டாவது முறையாக திமுக தலைவரானார், போட்டியின்றி. 2023 மார்ச்சில் எடப்பாடி பழனிசாமி அதிமுக பொதுச்செயலாளரானார், அதுவும் போட்டியின்றி. பாஜகவில் 2020-ல் ஜே.பி.நட்டா வந்ததும் அப்படித்தான்.

இதற்கு நடுவே, ஒரு பெரிய கட்சியில் நிஜமாகவே வாக்குப்பெட்டி வைத்துத் தேர்தல் நடந்தது. 2022 அக்டோபர் 17-ல் காங்கிரஸில் மல்லிகார்ஜுன கார்கேவும் சசி தரூரும் மோதினார்கள். போட்டி இருந்தது சரி, அது சமமான போட்டியா?

முடிவு என்ன?

மொத்தம் 9,385 பேர் வாக்களித்தனர். கார்கேவுக்கு 7,897, தரூருக்கு 1,072. செல்லாத வாக்குகள் 416. இதன்மூலம் 24 ஆண்டுகளுக்குப் பிறகு, நேரு - காந்தி குடும்பத்தைச் சேராத ஒருவர் தலைவரானார்.

இதற்கு முன் நடந்த போட்டிகளும் ஏறக்குறைய ஒருதலைப்பட்சமாகத்தான் முடிந்தன. 1997-ல் சீதாராம் கேசரி 6,224 வாக்குகள் பெற, சரத் பவாருக்குக் கிடைத்தது 882. 2000-ல் சோனியா காந்தியை எதிர்த்த ஜிதேந்திர பிரசாதாவுக்கு வெறும் 94.

யாருக்கு ஓட்டு?

இந்தியாவில் ஒரு சாதாரண காங்கிரஸ் உறுப்பினருக்கு இந்தத் தேர்தலில் ஓட்டு கிடையாது. மாநில காங்கிரஸ் கமிட்டிகளின் பிரதிநிதிகள், அதாவது சுமார் 9,900 பேர் மட்டுமே வாக்களிக்கலாம். வேட்புமனுவுக்கு அவர்களில் 10 பேர் முன்மொழிய வேண்டும்.

அந்தப் பிரதிநிதிகள் யார் யார் என்பதை முதலில் கட்சி வெளியிடவில்லை. கார்த்தி சிதம்பரம், மணீஷ் திவாரி, தரூர் உட்பட 5 எம்.பி.க்கள், பட்டியலைக் காட்டுங்கள் என்று தேர்தல் பொறுப்பாளர் மதுசூதன் மிஸ்திரிக்குக் கடிதமே எழுத வேண்டியிருந்தது. அதன் பிறகுதான், போட்டியிட விரும்புவோர் பட்டியலைப் பார்க்கலாம் என்றார்கள். கையில் வந்த பட்டியலில் பலருடைய தொலைபேசி எண்ணே இல்லை என்பது தரூரின் அடுத்த புகார்.

யோசித்துப் பாருங்கள். ஓட்டர் யார் என்றே தெரியாமல் ஒரு வேட்பாளர் யாரிடம் போய் ஓட்டு கேட்பார்? எல்லா மாநில நிர்வாகிகளையும் பெயர் சொல்லிக் கூப்பிடத் தெரிந்தவருக்குப் பட்டியல் தேவையே இல்லை. புதிதாக வருகிறவருக்கு அது இல்லாமல் முடியாது. மேலிடம் 'நாங்கள் நடுநிலை' என்று சொன்னாலும், ஆட்டத்தின் பாதி இங்கேயே முடிந்துவிடுகிறது.

எல்லாமே தப்பா?

இல்லை. சில விஷயங்களைப் பாராட்டியே ஆக வேண்டும். எந்த மாநிலம் யாருக்குப் போட்டது என்று தெரியக் கூடாது என்பதற்காக எல்லா வாக்குச்சீட்டுகளையும் கலந்து எண்ணினார்கள். பிடித்தவர் பெயருக்கு எதிரே '1' என்று எழுதச் சொன்ன விதி குழப்பும் என்று தரூர் தரப்பு ஆட்சேபித்தது. ஏனென்றால் சீட்டில் முதல் பெயரே கார்கேதான். உடனே அதை 'டிக்' குறியாக மாற்றினார்கள். ஆக, போட்டியிட ஒருவர் இருந்ததால்தான் விதியே சரியானது.

எல்லா உறுப்பினர்களுக்கும் ஓட்டு கொடுத்தால்?

அதே ஆண்டு பிரிட்டனின் கன்சர்வேட்டிவ் கட்சி அதைத்தான் செய்தது. எம்.பி.க்களின் கடைசிச் சுற்றில் ரிஷி சுனக்குக்கு 137, லிஸ் டிரஸ்ஸுக்கு 113. ஆனால் இறுதி முடிவு உறுப்பினர்கள் கையில் இருந்தது. அவர்கள் 57% வாக்குகளோடு டிரஸ்ஸைத் தேர்ந்தெடுத்தார்கள். பிரதமரான ஆறு வாரங்களில் ராஜினாமா அறிவிப்பு! நிறைய பேர் ஓட்டுப்போட்டால் நல்ல தலைவர் கிடைப்பார் என்று எந்த கியாரண்டியும் இல்லை. ஆனால் தோற்றவர், 'வாக்காளரையே என் கண்ணில் காட்டவில்லை' என்று புலம்பும் நிலை வரக் கூடாது.

தேர்தல் ஆணையம் தலையிட முடியாதா?

ஓரளவுக்குத்தான். கட்சிகள் தங்கள் விதிப்படி உட்கட்சித் தேர்தல் நடத்த வேண்டும் என்று ஆணையம் கேட்கும். ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸில் ஜெகன்மோகன் ரெட்டி 'நிரந்தரத் தலைவர்' என்ற பேச்சு வந்தபோது, அப்படி ஒரு பதவியே கூடாது என்றது. ஆனால் உட்கட்சி ஜனநாயகம் இல்லை என்பதற்காக ஒரு கட்சியின் பதிவை ரத்து செய்யும் அதிகாரம் அதனிடம் இல்லை. 2002-ல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பின்படி, மோசடியாகப் பதிவு பெற்றது போன்ற சில விதிவிலக்குகளில் மட்டுமே அது முடியும்.

நமக்கு என்ன வந்தது?

'இது அவங்க கட்சி விஷயம்' என்று ஸ்க்ரோல் செய்துவிட்டுப் போகலாம். ஆனால் உங்கள் தொகுதியில் யாருக்கு சீட் என்பதை முடிவு செய்பவர் அந்தக் கட்சித் தலைவர். நீங்கள் வாக்குச்சாவடிக்குப் போவதற்கு முன்பே உங்கள் சாய்ஸில் பாதியை வேறொருவர் எடுத்துவிடுகிறார்.

அதனால் எந்தக் கட்சியிலும் கேட்க வேண்டிய முதல் கோரிக்கை எளிமையானது. தேர்தல் தேதி அறிவிக்கும் அன்றே வாக்காளர் பட்டியலை வெளியிடுங்கள். யார் ஓட்டுப்போடப் போகிறார்கள் என்பது ஊருக்கே தெரியட்டும். யாருக்குப் போட்டார்கள் என்பது மட்டும் ரகசியமாக இருக்கட்டும். காங்கிரஸ் இரண்டாவதைச் சரியாகச் செய்தது. முதலாவதில்தான் சறுக்கியது.