வைத்தியர் சங்கமும் தலைமைப் பதவியும்

வைத்தியர்கள் தங்கள் சங்கங்களின் தலைமைப் பதவிக்குப் போட்டியிடுவதைச் சிலர் ஏளனம் செய்கிறார்கள். நாடி பார்க்க வேண்டிய கைக்கு ஓட்டுச் சேகரிக்கும் வேலை எதற்கு என்று கேட்கிறார்கள். இக்கேள்வியை நாம் ஒப்புக்கொள்ள முடியாது. யோக்கியமானவர்கள் ஒதுங்கி நின்றால் பதவி காலியாக இருந்துவிடப் போவதில்லை; வேறு யாரேனும் அதில் அமர்வார்கள். ஆகவே, வைத்தியர்கள் தலைமையை நாடுவது தவறன்று. எதற்காக நாடுகிறார்கள் என்பதே நாம் ஆராய வேண்டிய விஷயம்.

இந்திய மருத்துவ சங்கம் 1928ஆம் ஆண்டு கல்கத்தாவில் கூடிய அகில இந்திய வைத்திய மகாநாட்டில் தோன்றியது. உயர்ந்த வைத்திய உத்தியோகங்களில் வெள்ளைக்கார அதிகாரிகளே மிகுந்திருந்த காலம் அது. இரண்டு ஆண்டுகளுக்குள், 1930இல், இங்கிலாந்தின் ஜெனரல் மெடிகல் கவுன்சில் இந்தியச் சர்வகலாசாலைகளின் வைத்தியப் பட்டங்களுக்கு அளித்திருந்த அங்கீகாரத்தை வாபஸ் பெற்றது. நம் தொழிலை நாமே நிர்வகிப்போம், நம் தகுதியை நாமே நிர்ணயிப்போம் என்ற சுயமரியாதை உணர்ச்சியே சங்கத்துக்கு உயிரூட்டியது. டாக்டர் பிதான் சந்திர ராய், டாக்டர் ஜீவராஜ் மேத்தா போன்ற தேசபக்தர்கள் அதன் தலைமையை வகித்தார்கள். அவர்களால் பதவிக்குக் கௌரவம் ஏற்பட்டதேயன்றிப் பதவியால் அவர்களுக்குக் கௌரவம் ஏற்படவில்லை.

அன்று விரும்பிய சுயாட்சி பிற்காலத்தில் என்னவாயிற்று? வைத்தியத் தொழிலை ஒழுங்குபடுத்தும் சட்டபூர்வமான ஸ்தாபனமாக இருந்தது இந்திய மருத்துவக் கவுன்சில். அது சங்கத்தினின்றும் வேறானது. எனினும் வைத்தியர்களே தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள் அதில் பெருமளவில் இடம் பெற்றிருந்தார்கள். 2010ஆம் ஆண்டு ஏப்ரலில் அதன் தலைவர் லஞ்சக் குற்றச்சாட்டின் பேரில் கைது செய்யப்பட்டார். அடுத்த மாதமே மத்திய சர்க்கார் கவுன்சிலைக் கலைத்தது. பின்னர் அது மீண்டும் அமைக்கப்பட்டும், 2018இல் மறுபடி கலைக்கப்பட்டது. 2020 செப்டம்பரில் அதன் இடத்தில் தேசிய மருத்துவ ஆணையம் வந்தது. இதன் அங்கத்தினர்களில் மிகப் பெரும்பாலோர் நியமனம் பெற்று வருபவர்களே. வைத்தியர்களின் நேரடி ஓட்டுரிமை இவ்வாறு சுருங்கியது. சர்க்காரின் அதிகார ஆசையை மட்டும் இதற்குக் காரணமாகச் சொல்வது நேர்மையாகாது. உரிமையை ஒழுங்காகப் பயன்படுத்தாதவர்களிடமிருந்து அதைப் பறிக்க முற்படும்போது, ஜனங்கள் அவர்களுக்குப் பரிந்து பேச முன்வருவதில்லை.

சங்கத்தின் நிலைமையையும் பார்ப்போம். 2008ஆம் ஆண்டில் ஓர் உணவுப் பொருள் கம்பெனியின் பழரசத்துக்கும் ஓட்ஸுக்கும் சங்கத்தின் பெயரையும் முத்திரையையும் உபயோகிக்க நிர்வாகிகள் அனுமதித்தார்கள். வைத்தியர்கள் வியாபாரச் சரக்குகளுக்கு விளம்பரம் தரலாகாதென்பது தொழில் தர்மம். தங்கள் பெயர் கடைச்சரக்கின் மேல் ஒட்டப்படுவதற்கு எத்தனை சாதாரண அங்கத்தினர்கள் சம்மதித்திருப்பார்கள்?

மற்றொரு சம்பவம் அண்மையில் நடந்தது. நவீன வைத்தியத்தைப் பழித்து வெளிவந்த விளம்பரங்களை எதிர்த்துச் சங்கம் 2022இல் சுப்ரீம் கோர்ட்டுக்குச் சென்றது. அது மெச்சத்தக்க காரியமே. ஆனால் 2024 ஏப்ரலில், தேவையற்ற விலையுயர்ந்த மருந்துகளை எழுதிக்கொடுக்கும் வைத்தியர்களைப் பற்றிச் சங்கம் என்ன செய்தது என்று நீதிபதிகள் திருப்பிக் கேட்டார்கள். அதே வழக்கைப் பற்றிப் பத்திரிகைப் பேட்டியில் பேசிய வார்த்தைகளுக்காகச் சங்கத் தலைவர் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்கவும் நேர்ந்தது. மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட வைத்தியர்களின் மானம் ஒருவர் நாவில் தங்கியிருக்கிறது என்பதை இச்சம்பவம் உணர்த்தவில்லையா?

தலைமையின் வலிமை எத்தகையது என்பதையும் அதே ஆண்டில் கண்டோம். கல்கத்தா ஆஸ்பத்திரி ஒன்றில் ஆகஸ்டு 9ந் தேதி பெண் டாக்டர் ஒருவர் கொடூரமாகக் கொலையுண்டார். சங்கம் விடுத்த அழைப்பின் பேரில் ஆகஸ்டு 17ந் தேதி தேசமெங்கும் 24 மணி நேரம் டாக்டர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவசர சிகிச்சைகள் மாத்திரம் நடைபெற்றன. கோரிக்கை நியாயமானது. எனினும், அன்று வெகு தூரம் நடந்து வந்து திரும்பிச் சென்ற ஏழை நோயாளிக்கும் அதில் ஒரு பங்கு கஷ்டம் உண்டு. இத்தகைய ஆயுதத்தைக் கையில் வைத்திருப்பவர்களுக்கு எவ்வளவு நிதானம் தேவை என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை.

ஆதலால், ஓட்டுக் கேட்டு வரும் அபேட்சகர்களிடம் வைத்தியர்கள் மூன்று கேள்விகள் கேட்க வேண்டுமென்பது நமது அபிப்பிராயம். முதலாவது: மருந்துக் கம்பெனிகளின் பணத்தையும் உபசாரத்தையும் சங்கத்தின் மகாநாடுகளிலிருந்து விலக்கி, வரவு செலவுக் கணக்கை எல்லோரும் பார்க்கும்படி வெளியிடுவீர்களா? இரண்டாவது: மருந்துகளை மூலப் பெயரால் எழுத வேண்டுமென்று 2023 ஆகஸ்டில் ஆணையம் விதித்த விதி, சங்கத்தின் எதிர்ப்புக்குப் பின் அம்மாதமே நிறுத்தி வைக்கப்பட்டது. மலிவு மருந்துகளின் தரம் நிச்சயமில்லை என்றீர்கள். அத்தரத்தைச் சோதித்து உறுதிப்படுத்த நீங்கள் சர்க்காரை எவ்விதம் வற்புறுத்தப் போகிறீர்கள்? மூன்றாவது: இரவும் பகலும் உழைக்கும் இளம் டாக்டர்களுக்கும் பெண் டாக்டர்களுக்கும் நிர்வாகத்தில் எத்தனை ஸ்தானம் அளிப்பீர்கள்?

இவற்றுக்குத் தெளிவான பதில் சொல்பவர் எந்த மாகாணத்தவராயினும், எந்தக் கோஷ்டியைச் சேர்ந்தவராயினும் அவருக்கே ஓட்டளிக்க வேண்டும். ஜாதி பார்த்தும், கட்சி பார்த்தும், விருந்தின் ருசி பார்த்தும் ஓட்டளிப்பவர்கள், நாளை சர்க்கார் தங்கள் குரலை மதிக்கவில்லை என்று முறையிடுவதில் பயனில்லை.

சங்கத் தேர்தலில் நோயாளிகளுக்கு ஓட்டு இல்லை. ஆனால் அதன் பலனை அனுபவிப்பவர்கள் அவர்களே. அந்த ஓட்டில்லாத கோடிக்கணக்கான ஜனங்களை நினைவில் வைத்துக்கொண்டு வைத்தியர்கள் தங்கள் தலைவரைத் தேர்ந்தெடுப்பார்களென்று நம்புகிறோம்.