காலை இழந்தவனுக்குக் கையெழுத்தா பதில்?

தேசத்தைக் காக்க வாருங்கள் என்று அழைக்கும்போது சர்க்கார் பேசும் பாஷை ஒன்று. அழைப்பை ஏற்று வந்தவன் அடிபட்டு விழுந்த பிறகு பேசும் பாஷை வேறொன்று. முன்னது மேடையில் முழங்குவது. பின்னது ஆபீஸ் கட்டுகளுக்குள் முணுமுணுப்பது. இவ்விரண்டுக்கும் இடையேயுள்ள தூரத்தை ஒரு சிப்பாய் ஒற்றைக் காலுடன் கடக்க நேர்ந்த விருத்தாந்தத்தை நம் வாசகர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறோம். அது இமயமலைச் சாரலில் நிகழ்ந்தது. ஆயினும், திருப்பூர் பனியன் கம்பெனியில் இரவு ஷிப்டு பார்க்கும் இளைஞனுக்கும் அதற்கும் நெருங்கிய சம்பந்தம் உண்டு என்பதே நமது கட்சி.

அந்தச் சிப்பாய் காலாட்படையில் சுமார் 25 வருஷம் ஊழியம் செய்தவர். அதன் பின்னரும் ஓய்வை நாடாமல், 2007-ம் வருஷம் ஆகஸ்டு முதல் தேதி, டெரிடோரியல் ஆர்மி எனப்படும் பிரதேச ராணுவத்தில் முழுநேரச் சிப்பாயாக மறுபடியும் சேர்ந்தார். அவருக்குக் கிடைத்த இடம் குமாவோன் மலைப் பிரதேசத்திலிருந்த 130-வது பட்டாளம். மொட்டையாகிவிட்ட மலைகளில் மரம் வளர்ப்பதற்கென்று ஏற்பட்ட சுற்றுச்சூழல் படை அது. 2009-ல் சில நாள் விடுமுறையில் வீடு சென்றவர், பட்டாளத்துக்குத் திரும்ப ஸ்கூட்டரில் புறப்பட்டார். வழியில் விபத்து நேர்ந்தது. வலது காலை முழங்கால் வரை வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. காயம் ராணுவ ஊழியத்தைச் சார்ந்ததே என்றும், அவருடைய அஜாக்கிரதையால் வந்ததன்று என்றும் ராணுவத்தாரின் சொந்த விசாரணையே முடிவு கூறியது. வைத்திய போர்டு அவருடைய ஊனத்தை நூற்றுக்கு 80 என்று மதிப்பிட்டது. 2012 ஜனவரி முதல் தேதி அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஊனப் பென்ஷன் கேட்டார், இல்லை என்றார்கள்.

ஏன் இல்லை? காயம் பொய் என்று யாரும் சொல்லவில்லை. ஊழியம் பொய் என்றும் சொல்லவில்லை. சுற்றுச்சூழல் படையினருக்கு இந்தப் பென்ஷன் கிடையாது என்றார்கள். அதிகப் பென்ஷன் கோரமாட்டேன் என்று அவரே கையெழுத்திட்டுக் கொடுத்திருக்கிறார் என்றும் ஒரு காகிதத்தை நீட்டினார்கள். லக்னோவிலுள்ள ராணுவ டிரிபியூனல் அவருடைய மனுவைத் தள்ளிவிட்டது. கடைசியில், 2021 டிசம்பர் 17-ந் தேதி, சுப்ரீம் கோர்ட் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. பிரதேச ராணுவத்தாரின் பென்ஷன், நிரந்தர ராணுவத்தாருக்குரிய அதே பொது விதிகளின்படி நடத்தப்படவேண்டும் என்று 1961-ம் வருஷத்து ராணுவப் பென்ஷன் விதிகளில் 292-வது விதி கூறுகிறது. அதைக் கோர்ட்டார் எடுத்துக் காட்டினர். அந்தக் கையெழுத்தைப் பற்றியோ, பேரம் பேசும் சக்தியில் பலவானாக இருப்பவன் பலவீனனிடமிருந்து வாங்கிய கையெழுத்து அவனைக் கட்டாது என்றனர். 2012 ஜனவரி முதல் உள்ள பாக்கியை நூற்றுக்கு 9 வட்டியுடன் மூன்று மாதத்தில் கொடுக்கும்படி உத்தரவாயிற்று.

நியாயம் கிடைத்துவிட்டதே, இன்னும் என்ன குறை என்று சிலர் கேட்கலாம். குறை இதுதான்: ஒன்றும் மறுக்கப்படாத ஒரு விஷயத்தில், காலை இழந்த ஒருவன் ஏறக்குறைய பத்து வருஷம் தன் சர்க்காரோடு வழக்காட வேண்டியிருந்தது. கோர்ட்டுக்குப் போகும் சக்தியும் வக்கீலை அமர்த்தும் வசதியும் இல்லாமல், "இல்லை" என்ற முதற் கடிதத்தோடு அடங்கிப்போனவர்கள் எத்தனை பேரோ, யார் அறிவார்?

இனி நம் பக்கத்துக்கு வருவோம். பிரதேச ராணுவச் சட்டம் 1948-ல் பிறந்தது. 1949 அக்டோபர் 9-ந் தேதி அப்படையைத் தொடங்கிவைத்தவர் அப்போதைய கவர்னர் ஜெனரல் ராஜாஜி. தன் தொழிலை விடாமல், வருஷத்தில் சில காலம் பயிற்சி பெற்று, தேசம் அழைக்கும்போது துப்பாக்கி எடுக்கும் பிரஜைகளின் படை அது. 1962, 1965, 1971 யுத்தங்களில் அதன் வீரர்கள் ஊழியம் செய்திருக்கிறார்கள். மதராஸ் ரெஜிமெண்டைச் சேர்ந்த 110-வது பிரதேச ராணுவப் பட்டாளம் நமக்கு அருகிலே கோயமுத்தூரில் இருக்கிறது. 2024 நவம்பரில் கோயமுத்தூரில் ஆள்சேர்ப்பும் நடந்தது. வேறு தொழிலால் ஜீவனம் செய்பவன் என்பதே இப்படைக்கு வேண்டிய யோக்கியதை. அப்படியானால் கட்டிங் மாஸ்டரும், ஓவர்லாக் டெய்லரும், நிட்டிங் மெஷின் ஓட்டுபவனும், சாயப்பட்டறைச் சிப்பந்தியும் இதற்கு ஏற்றவர்களே. காங்கயத்திலும் தாராபுரத்திலும் அவிநாசியிலும் உள்ள வாலிபன் ஒருவன் நாளை இப்படையில் சேர்ந்து அடிபட்டுத் திரும்பினால், அவனிடம் எந்தக் காகிதம் நீட்டப்படும்?

இதே வாலிபன் பனியன் கம்பெனியில் அடிபட்டிருந்தால் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். நஷ்ட ஈட்டைக் கோரமாட்டேன் என்று தொழிலாளி எழுதிக் கொடுத்தாலும் அந்த ஒப்பந்தம் செல்லாது என்று 1923-ம் வருஷத்துத் தொழிலாளர் நஷ்ட ஈட்டுச் சட்டம் கூறியது. அன்று ஆண்டது வெள்ளைக்கார சர்க்கார் என்பதை மறக்கவேண்டாம். முதலாளி ஒரு மாதத்துக்குள் கொடுக்கத் தவறினால் நூற்றுக்கு 12 வட்டி; தகுந்த காரணமின்றித் தாமதித்தால் தொகையில் பாதி வரை அபராதம் என்றும் அச்சட்டத்தில் பிற்பாடு ஏற்பட்டது. பிரதேச ராணுவச் சட்டம் பிறந்த அதே 1948-ல்தான் ஈ.எஸ்.ஐ. சட்டமும் பிறந்தது. வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியிலும், வேலையிலிருந்து வீடு திரும்பும் வழியிலும் நேரும் விபத்து, வேலையோடு அதற்குள்ள சம்பந்தம் விளங்கினால், வேலையில் நேர்ந்த விபத்தாகவே கொள்ளப்படும் என்று 2010-ல் அதில் திருத்தம் செய்தார்கள். இவ்விரு சட்டங்களும் 2020-ம் வருஷத்துச் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் அடங்கிவிட்டபோதிலும் இவற்றின் தத்துவம் கைவிடப்படவில்லை.

ஆகவே நிலைமை இப்படி இருக்கிறது. கையெழுத்தைக் காட்டித் தப்பிக்கக்கூடாது என்று சர்க்கார் பனியன் கம்பெனி முதலாளிக்குச் சட்டம் போட்டது. அதே சர்க்கார் தன் சிப்பாயின் கையெழுத்தைக் காட்டித் தப்பிக்கப் பார்த்தது. வேலைக்குப் போகும் வழியில் விழுந்த டெய்லருக்குப் பரிகாரம் உண்டு என்றது. பட்டாளத்துக்குத் திரும்பும் வழியில் விழுந்த வீரனைச் சுப்ரீம் கோர்ட் வரை அலையவிட்டது. ஊருக்கு உபதேசம் செய்பவர் தம் வீட்டில் அதை அனுஷ்டிக்கவேண்டாமா? சர்க்காரும் ஒரு முதலாளிதான். தேசத்திலேயே பெரிய முதலாளி.

மறுபக்கத்து நியாயத்தையும் நாம் ஒளிக்கவில்லை. விடுமுறையில் நேரும் விபத்து ஒவ்வொன்றுக்கும் பொக்கிஷத்திலிருந்து பணம் கொடுக்க முடியாது; ஊழியத்துக்கும் காயத்துக்கும் காரண சம்பந்தம் இருக்கவேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டே வேறு வழக்குகளில் தீர்மானித்திருக்கிறது. அது சரியே. பொய்க் கோரிக்கைகளும் வரும். அவற்றை ஆராய்ந்து தள்ளவேண்டியது அதிகாரிகளின் கடமை. ஆனால், ஆராய்ச்சி வேறு, பிடிவாதம் வேறு. ராணுவத்தாரின் விசாரணையும் வைத்திய போர்டும் காயம் ஊழியத்தால் வந்ததே என்று கூறிய பிறகும் எதற்காக மறுப்பு? ஆரோக்கியமாகச் சேர்த்துக்கொள்ளப்பட்டவன் வியாதியோடு வெளியே அனுப்பப்பட்டால், அது ஊழியத்தால் வந்ததன்று என்று நிரூபிக்கும் பாரம் சர்க்காரையே சாரும், சந்தேகத்தின் பலன் சிப்பாய்க்கே என்று, அப்போதிருந்த விதிகளை ஆராய்ந்து 2013 ஜூலையில் சுப்ரீம் கோர்ட் தெளிவாகச் சொல்லியிருந்தது. ஊனமுற்ற வீரர்கள்மீது வீணாக வழக்காடுவதைக் குறைக்கவேண்டும் என்று, ராணுவ மந்திரியாயிருந்த மனோகர் பாரிக்கர் நியமித்த நிபுணர் கமிட்டியும் 2015-ல் சிபார்சு செய்தது. அவ்வளவும் காதில் ஏறியிருந்தால் 2021 வரை அந்தச் சிப்பாய் காத்திருக்க நேர்ந்திருக்குமா?

இன்னொரு கவலையும் உண்டு. 2022-ல் ஏற்பட்ட அக்னிவீர் திட்டத்தில் சேரும் இளைஞர்களில் பெரும்பாலோர் நான்கு வருஷத்தில் வீடு திரும்புவார்கள். ஊழியத்தில் அங்கஹீனமானால், ஊனத்தின் அளவுக்கேற்ப 15, 25 அல்லது 44 லட்சம் ரூபாய் ஒரே தடவையில் கொடுப்பதாக ஏற்பாடு. ஆயுள் முழுவதும் வரும் பென்ஷன் இல்லை. இருபத்திரண்டு வயதில் காலை இழப்பவன் இன்னும் நாற்பது வருஷம் வாழவேண்டியவன் அல்லவா? சம்பளமும் காலமும் குறுகிய ஊழியம் என்றால், காயமும் குறுகிய காயமாகிவிடுமா?

நாம் கோருவது தர்மம் அன்று, ஒழுங்கு. முதலாவது, காயத்துக்குரிய உரிமையைத் துறக்கும்படி எந்தச் சிப்பாயிடமும், எந்தப் படையிலும் கையெழுத்து வாங்கக்கூடாது. வாங்கினால் அது செல்லாது என்று, தொழிலாளிக்கு இருப்பதுபோலவே, சட்டத்தில் எழுதப்படவேண்டும். இரண்டாவது, சேரும்போதே அவனுடைய உரிமைகளை அவனுடைய தாய்ப்பாஷையில் அச்சிட்டுக் கையில் கொடுக்கவேண்டும். மூன்றாவது, ஊனப் பென்ஷன் மனுவுக்கு முடிவு கூறக் கெடு வைத்து, கெடு தவறினால் கோர்ட்டுக்குப் போகாமலே வட்டி சேரும்படி செய்யவேண்டும். நான்காவது, ராணுவ டிரிபியூனலின் சென்னைக் கிளை வருஷத்தில் சில நாளாவது கோயமுத்தூரில் அமரவேண்டும். ஊன்றுகோலுடன் ரயிலேறிச் சென்னைக்குப் போய் வாய்தா வாங்கித் திரும்புவது எளிதன்று.

சர்க்காரை மட்டும் குறைகூறி நாம் விலகிக்கொள்ளவில்லை. பிரதேச ராணுவ ஊழியத்துக்கு அழைக்கப்பட்டுத் திரும்புகிறவனைப் பழைய வேலையில் சேர்த்துக்கொள்வது முதலாளியின் கடமை என்று 1948-ம் வருஷத்துச் சட்டம் விதிக்கிறது. ஆர்டர் நெருக்கடி, ஆள் மாற்றம் என்று சாக்குச் சொல்லாமல் நம் பனியன் கம்பெனிக்காரர்கள் இதைக் கௌரவமாக நிறைவேற்றவேண்டும். காலில் அடிபட்டு வந்தவன் செக்கிங் மேஜையில் உட்கார்ந்து வேலை செய்யலாம், காஜா பட்டன் மெஷினில் அமரலாம், கணக்கு எழுதலாம். பொது ஊழியர்களுக்கும் வேலை உண்டு. தங்கள் ஊரில் ஊனமுற்றுத் திரும்பியவர் யார், அவருடைய மனு எங்கே கிடக்கிறது என்று விசாரித்து, மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு அவரை அழைத்துப் போகட்டும். ஒரு கூட்டத்தில் ஒரு மணி நேரம் பேசுவதைவிட ஒருவருடைய மனுவை நேராக எழுதிக் கொடுப்பது பெரிய தேச சேவை என்போம்.

1932 ஜனவரியில் திருப்பூர் வீதியில் கொடியேந்திச் சென்ற குமரன் தடியடிபட்டு வீழ்ந்து, மறுநாள் உயிர் நீத்தான். அவனை அடித்த சர்க்கார் அந்நிய சர்க்கார். அதனிடம் நாம் நஷ்ட ஈடு கேட்கவில்லை, நாட்டையே கேட்டோம். நாடு கிடைத்தது. இன்று அதே கொடியின்கீழ் ஊழியம் செய்து அடிபடுகிறவன் நம் சொந்த சர்க்காரிடம் மனுப் போடுகிறான். அவனுக்கு எழுதப்படும் பதில் நம் பெயரால் எழுதப்படுகிறது. அந்தப் பதிலில் அந்நியனுடைய குரல் கேட்குமானால் வெட்கப்படவேண்டியவர்கள் நாம். டில்லியிலுள்ள அதிகாரிகள் அடுத்த மனுவை எடுக்கும்போதாவது, அதில் கையெழுத்து எங்கே இருக்கிறது என்று தேடுவதற்கு முன்னால், காயம் எங்கே இருக்கிறது என்று பார்ப்பார்களா?