காற்கூறும் முக்காற்கூறும்: இணையவழித் தமிழ்க்கல்வி குறித்த ஒரு கருத்துரை

இணையவழிக் கல்வி பற்றித் தமிழில் வெளிவரும் ஆய்வுரைகளுள் பல, இணையதளங்களையும் செயலிகளையும் வரிசைப்படுத்தி அவற்றின் பயன்களைத் தொகுத்துரைப்பதோடு நிறைவுறுகின்றன. கருவிகளை விளக்கும் அளவிற்கு, அவற்றின் வழியே கற்றவர் எதைக் கற்றார் என்பதை அவை ஆராய்வதில்லை. 2020 மார்ச்சு மாதப் பொதுமுடக்கம் வகுப்பறைகளை மூடியபோது, ஆசிரியர் தம் இல்லத்திலிருந்து பேசினார். மாணவர் தம் இல்லத்திலிருந்து கேட்டனர். சொல் சென்று சேர்ந்தமையே கல்வி நிகழ்ந்தமைக்குச் சான்றாகக் கொள்ளப்பட்டது. இக்கொள்கை மறுபரிசீலனைக்கு உரியது. அதற்கான அளவுகோலைத் தமிழ் மரபே வழங்குகிறது.

தொலைநிலைக் கல்வி தமிழுலகிற்குப் புதிதன்று. மதுரைப் பல்கலைக்கழகம் 1971இலேயே அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியது. நீரியல் அறிஞரும் ‘குலோத்துங்கன்’ என்னும் பெயரில் கவிதை படைத்தவருமான வா.செ. குழந்தைசாமி, இந்திராகாந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக 1990 முதல் 1994 வரை பணியாற்றினார். பின்னர், 2001 பிப்ரவரி 17ஆம் நாள் தொடங்கப்பெற்ற தமிழ் இணையப் பல்கலைக்கழகத்தின் நிறுவனத் தலைவராகவும் விளங்கினார். இன்று தமிழ் இணையக் கல்விக்கழகம் எனப் பெயர் பெற்றுள்ள அந்நிறுவனம், அயல்நாடுகளில் வாழும் தமிழரைத் தலைமையாகக் கருதியே உருவானது. ஆயினும், திரையில் பாடத்தை வைப்பதோடு அது நின்றுவிடவில்லை. அயலகத் தொடர்பு மையங்களையும் ஏற்படுத்தியது. தொலைவிலிருந்து கற்பவருக்கும் அருகில் ஒரு துணை வேண்டும் என்ற புரிதல் அவ்வமைப்பில் உண்டு. பொதுமுடக்கக் காலத்து இணைய வகுப்புகள் விரைவின் காரணமாகக் கைவிட்டது இப்புரிதலையே.

இப்புரிதல் நன்னூலுக்கும் உடன்பாடானது. பவணந்தி முனிவர் பொதுப்பாயிரத்தில் நூல், ஆசிரியர், கற்பிக்கும் முறை, மாணாக்கர், கற்கும் முறை ஆகியவற்றைத் தனித்தனியே வகுத்துரைக்கிறார். ஒரு பாடத்தை இருமுறை கேட்பவரிடம் பிழை மிகுதியும் நீங்கும் என்றும், மும்முறை கேட்பவர் ஆசிரியர் கற்பித்த முறைமையை உணர்ந்து உரைப்பார் என்றும் அவர் கருதுகிறார். பதிவுசெய்யப்பெற்ற காணொலி இவ்விடத்தில் வகுப்பறையினும் சிறந்ததாகிறது. வகுப்பில் ஒருமுறை ஒலித்து மறையும் விளக்கத்தை மாணவர் வேண்டியபோதெல்லாம் காணொலியில் மீளக் கேட்கலாம். இணையவழிக் கல்வியை முற்றாக மறுப்போர் இச்சிறப்பை ஏற்க வேண்டும்.

ஆனால், பவணந்தியார் அவ்வளவில் அமையவில்லை. ஆசிரியர் உரைத்தவற்றை முழுமையாக உள்வாங்கினாலும் மாணவருக்கு வாய்ப்பது புலமையில் காற்கூறே. உடன் பயில்வோரொடு பழகுவதால் மற்றொரு காற்கூறு கிட்டும். எஞ்சிய அரைக்கூறு, கற்றதைப் பிறர்க்குச் செவ்விதின் எடுத்துரைக்கும்போதே நிறையும். கேட்டல் எத்துணைச் செம்மையாக நிகழினும் முக்காற்கூறு எஞ்சியே நிற்கும் என்பது இதன் பொருள்.

நடுவணரசு 2017இல் தொடங்கிய ‘சுவயம்’ தளமும் தன் பாடங்களை நான்கு கூறுகளாக அமைக்கிறது: காணொலி உரை, வாசிப்புப் பொருள், தன்மதிப்பீட்டுத் தேர்வு, ஐயம் தீர்க்கும் கலந்துரையாடல் களம். எண்ணிக்கை ஒத்திருப்பினும் பகுப்பு ஒவ்வாது. முதல் மூன்றும் ஆசிரியர் தரப்பிலிருந்து வருவன. நன்னூல் நோக்கில் அவை மூன்றும் முதற் காற்கூற்றுள் அடங்கும். கலந்துரையாடல் களம் மட்டுமே இரண்டாம் காற்கூற்றைத் தொடுகிறது. எடுத்துரைத்தலாகிய அரைக்கூற்றுக்கு இவ்வமைப்பில் தனியிடம் இல்லை.

இக்குறை கடைக்கோடியில் இருப்பவரையே மிகுதியும் தாக்கும். காரைக்கால் மாவட்டத்துக் குரும்பகரத்தை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். தமிழ்நாட்டு மாவட்டங்கள் சூழ அமைந்த காரைக்கால், தன் ஆட்சித் தலைநகரான புதுச்சேரியிலிருந்து ஏறத்தாழ 130 கி.மீ. தொலைவில் உள்ளது. அத்தகைய நிலப்பகுதியின் சிற்றூரொன்றில், குடும்பப் பொறுப்பாலோ வேலையாலோ கல்லூரிக்குச் செல்ல இயலாத ஒருவருக்கு இணையவழிப் பாடம் பெருங்கொடை. ஆனால், நகர மாணவர் திரையில் கேட்டதை நண்பரோடும் நூலகத்திலும் கருத்தரங்கிலும் நிறைவு செய்துகொள்ளக்கூடும். சிற்றூரில் தனித்துப் பயில்பவருக்கு அத்தகைய சூழல் எளிதில் அமைவதில்லை. ஒரே பாடம் ஒருவருக்குத் தொடக்கமாகவும் மற்றொருவருக்கு முடிவாகவும் அமைகிறது. இருவருக்கும் ஒரே சான்றிதழ் வழங்குவதால் இவ்வேறுபாடு மறைகிறதேயன்றி நீங்குவதில்லை.

வகுப்பறைகளிலும் காற்கூறுதானே கிட்டுகிறது என வினவலாம். வினா நேரியதே. பாடக்குறிப்பை வாசித்து எழுதச்செய்யும் வகுப்பு காணொலியினும் உயர்ந்ததன்று. எனினும், அவ்வகுப்பு முடிந்தபின் மாணவர் ஒன்றாக வெளியேறுகின்றனர்; திட்டமிடாமலேயே இரண்டாம் காற்கூறு தொடங்குகிறது. இணையவழியில் அது தானாக நிகழாது. திட்டமிட்டு அமைத்தாக வேண்டும்.

அவ்வாறு அமைப்பது அரிதன்று. இலக்கணப் பாடம் பயில்பவர் ஒரு நூற்பாவைத் தம் ஊர்ப் பள்ளி மாணவர் ஒருவருக்கு விளக்கி, அங்கு எழுந்த வினாக்களைப் பதிவுசெய்து அளிப்பதை மதிப்பீட்டின் பகுதியாக்கலாம். ஒரே வட்டாரத்தார் நூலகத்திலோ பள்ளியிலோ மாதம் ஒருமுறை கூடிப் பயிலலாம். குரும்பகரத்தில் இருப்பவர் அப்போது கேட்பவராக மட்டும் நில்லாமல், தம் ஊரில் தமிழ் உரைப்பவராகவும் ஆவார்.

இதற்கு ஆசிரியரின் தொலைநிலைப் பணியும் உரிய மதிப்புப் பெறுதல் வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு நெறிமுறைகள் இணையப் பாட உருவாக்கத்திற்கும் ஒருங்கிணைப்பிற்கும் மதிப்பெண் வழங்குகின்றன. ஒவ்வொரு மாணவரின் ஐயத்தையும் வாசித்து, திருத்தி, விடையெழுதும் உழைப்புக்குத் தனி மதிப்பெண் இல்லை. பாடப்பொருள் பெருகுவதற்கும் உரையாடல் அருகுவதற்கும் இதுவும் ஒரு காரணமாகலாம்.

தமிழ்த்துறை ஆய்வுகள் இனி எத்தனை பாடங்கள் இணையத்தில் ஏற்றப்பட்டன என்பதோடு நில்லாமல், கற்றவருள் எத்தனை பேர் பிறர்க்கு எடுத்துரைக்கும் ஆற்றல் பெற்றனர் என்பதையும் ஆராய வேண்டும். அவ்வாய்வுக்குரிய கோட்பாட்டை வேறெங்கும் தேட வேண்டுவதில்லை. தமிழ் மாணவர் ஒவ்வொருவரும் இலக்கணக் கல்வியின் தொடக்கத்தில் பயிலும் நூலின் பாயிரத்திலேயே அது உள்ளது.