அவங்க எங்கய்யா உக்காருவாங்க?

போன வாரம் ஊருக்குப் போயிருந்தேன். தர்மபுரி பஸ் ஸ்டாண்டு பக்கம் வழக்கமான டீக்கடை, கூடப் படிச்ச பசங்க நாலு பேர். பொட்டி தட்டுறவன் லீவுல வந்தா வேற எங்க போவான்? ஒருத்தன் செல்போனைப் பாத்துட்டு ஆரம்பிச்சான். "மாப்ள, அமெரிக்காவுல லெஸ்பியன்களுக்குன்னே தனி பாராம்டா! குடிக்கிறதுலயும் இட ஒதுக்கீடு கேக்குறாளுங்க!"

எல்லாரும் கெக்கெபிக்கேன்னு சிரிச்சாங்க. பழக்கதோஷத்துல நானும் சிரிச்சுத் தொலைச்சேன். பெங்களூர் வந்து சேர்ற வரைக்கும் அந்தச் சிரிப்பு உறுத்திக்கிட்டே இருந்துச்சு. அதான் இந்தப் பதிவு.

மொதல்ல அந்த பார் மேட்டர். ஆன்சைட் போனப்ப சான் பிரான்சிஸ்கோவுல 'வைல்ட் சைட் வெஸ்ட்'டுக்கு ஒருதடவை போயிருக்கேன். 1962-ல பக்கத்து ஊர் ஓக்லாந்துல ரெண்டு பெண்கள் ஆரம்பிச்சது. எழுபதுகள்ல பெர்னல் ஹைட்ஸ்ங்கிற குடியிருப்புப் பகுதிக்கு வந்துச்சு. வந்த புதுசுல பிடிக்காத அக்கம்பக்கத்து ஆளுங்க உடைஞ்ச கக்கூஸ் பீங்கானை எல்லாம் கொண்டாந்து வீசினாங்கன்னு சொல்றாங்க. அந்தப் பெண்கள் என்ன பண்ணாங்க தெரியுமா? அதுலயே மண்ணைப் போட்டுச் செடி வச்சுட்டாங்க. பின்பக்கம் இப்ப அழகான தோட்டம். தெருக்காரங்க எல்லாரும் வந்து உக்காந்து பேசிட்டுப் போறாங்க.

அது சும்மா கிடைச்ச இடமில்ல. கலிஃபோர்னியாவுல பெண்கள் பார்ல சரக்கு ஊத்திக் கொடுக்குறதுக்கே சட்டத்துல தடை இருந்துச்சு. ஓனராவோ ஓனர் பொண்டாட்டியாவோ இருந்தாத்தான் முடியும். 1971-ல தான் அந்த மாநில உச்ச நீதிமன்றம் அதைத் தூக்குச்சு. போலீஸ் ரெய்டு வேற. அதுக்குப் பயந்துதான் 1955-லயே நாலு ஜோடிப் பெண்கள் அதே ஊர்ல வீட்டுக்குள்ள கூட ஆரம்பிச்சாங்க. 'டாட்டர்ஸ் ஆஃப் பிலிட்டிஸ்'ங்கிற சங்கம் அப்படிப் பொறந்ததுதான். ஆக, அவங்க தேடினது சரக்கை இல்லய்யா, நாற்காலியை.

இன்னொண்ணு. அதே ஊர்ல 'லெக்சிங்டன் கிளப்'னு ஒண்ணு 1997-லருந்து இருந்துச்சு. 2015-ல மூடிட்டாங்க. ஏன்? ஏரியா வாடகை எகிறிடுச்சு, வர்ற பெண்களால அங்க குடியிருக்க முடியல. வாடகையை ஏத்துனது யாரு? நம்மள மாதிரி கம்ப்யூட்டர் கம்பெனிச் சம்பளக்காரங்கதான். அதனால நாம ரொம்ப யோக்கியம் மாதிரி சிரிக்க வேணாம்.

சரி, நம்மாளுங்க வழக்கமா எடுத்து விடுற வாதங்களுக்கு வருவோம்.

1. "இதெல்லாம் மேல்நாட்டுச் சரக்கு." மதுரைப் பொண்ணுங்க ரெண்டு பேர் வீட்டுக்குப் பயந்து சென்னைக்கு ஓடி வந்தாங்க. 2021 ஜூன்ல சென்னை உயர் நீதிமன்றம் அவங்களுக்குப் பாதுகாப்புக் கொடுத்துச்சு. தீர்ப்பு எழுதுறதுக்கு முன்னாடி நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், எனக்கே இதைப் பத்திச் சரியாத் தெரியலன்னு ஒரு உளவியல் நிபுணர்கிட்டப் போய் உக்காந்து கேட்டாரு. ஒரு ஜட்ஜுக்கே அந்தப் பணிவு இருக்கு. நமக்குத்தான் டீ ஆறுறதுக்குள்ள எல்லாம் தெரிஞ்சுடுது.

2. "அதான் 2018-ல 377 போச்சே, அப்புறம் என்ன?" 2025 மே மாசம் வேலூர்ப் பக்கம் ஒரு 25 வயசுப் பொண்ணைப் பெத்தவங்க புடிச்சு வச்சிருந்த வழக்கு அதே நீதிமன்றத்துக்கு வந்துச்சு. அடிச்சாங்க, 'சரி பண்ண' ஏதேதோ சடங்கெல்லாம் செஞ்சாங்கன்னு அந்தப் பொண்ணே சொன்னாங்க. துணையா இருந்த தோழியோடயே போகலாம்னு விட்ட நீதிபதிகள், தானா தேர்ந்தெடுத்துக்குற குடும்பமும் குடும்பம்தான்னு சொன்னாங்க. சட்டம் மாறியும் கோர்ட்டுப் படி ஏறித்தான் வெளிய வர வேண்டியிருக்கு. வேலூர் நமக்கு எத்தனை தூரம்?

3. "அதுக்குக் குடிக்கணுமா?" தேவையே இல்ல. டாஸ்மாக் வாசல்ல புருஷன் கூலியைத் தொலைச்ச பொம்பளைங்க நம்ம மாவட்டத்துல தெருவுக்குத் தெரு இருக்காங்க. அவங்ககிட்டப் போய் பார் வேணுமான்னு கேட்டா விளக்குமாறுதான் வரும். நான் கேக்குறது இடம். நமக்கு டீக்கடை, சலூன், கோயில் திண்ணை, ஆலமரத்தடி. அவங்களுக்கு?

பெண்கள் தனியாக் கூடினா என்ன நடக்கும்னு நமக்குத் தெரியாததா? மகளிர் சுய உதவிக் குழுத் திட்டத்தை 1989-ல தமிழ்நாட்டுலயே முதல்ல தொடங்கினது நம்ம தர்மபுரி மாவட்டத்துலதான். மாசம் கொஞ்ச நேரம் வட்டமா உக்கார ஒரு இடம் கிடைச்சுது, அவ்ளோதான். அதுக்கப்புறம் பேங்க் மேனேஜர் முன்னாடி நிமிந்து பேசினாங்க எங்க தெருப் பொம்பளைங்க. ஆனா அங்கயும் "வீட்டுக்காரர் என்ன பண்றார்?"தான் முதல் கேள்வி. வீட்டுக்காரரே வேணாம்னு இருக்குற பொண்ணு அந்த வட்டத்துல எங்க உக்காரும்?

இவ்ளோ பேசுறேனே, என் கதையையும் சொல்லிடுறேன். எட்டாவது படிக்கிறப்ப எங்க தெருவுல ஒரு அக்கா தையல் கிளாஸ் போவாங்க. கூட இன்னொரு அக்கா. சாயங்காலம் ஏரிக்கரைப் புளியமரத்தடியில நின்னு பேசிட்டிருப்பாங்க. ஒருநாள் கையைக் கோத்துக்கிட்டு ரெண்டு பேரும் அழுதுட்டிருந்ததைப் பாத்தேன். டீக்கடையில போய்ச் சிரிச்சுக்கிட்டே சொன்னேன். பெரியவங்க எல்லாம் சிரிச்சாங்க, எனக்குப் பெருமையா இருந்துச்சு. ஒரே மாசத்துல அந்த அக்காவுக்குக் கல்யாணம். இன்னொரு அக்கா ஊரை விட்டே போயிட்டாங்க. அவங்களுக்குள்ள இருந்தது காதலா, சிநேகமா, எனக்குத் தெரியாது. தெரிஞ்சுக்க எனக்கு உரிமையும் இல்ல. கதவைச் சாத்திக்க அவங்களுக்கு ஒரு ரூம் இருந்திருந்தா நான் பாத்திருக்கவே மாட்டேன்.

தர்மபுரியில நாளைக்கே போர்டு மாட்டுன்னு நான் சொல்லல. தாலுகாவுக்கு ஒரு அறை, ஒரு மின்விசிறி, புருஷன் பேரைக் கேக்காத ஒரு வாசல். அது வர்ற வரைக்கும், அடுத்த தடவை டீக்கடையில எவனாச்சும் இப்படி ஆரம்பிச்சா கூடச் சேர்ந்து சிரிக்காம இருங்க. நானும் முயற்சி பண்றேன்.

டிஸ்கி: "உனக்கென்னடா இதுல இவ்ளோ அக்கறை, நீ அப்படியா?"ன்னு கேக்கப் போற நண்பர்களுக்கு: புளியமரத்தைப் பத்தி எழுதினதை இன்னொரு தடவை படிங்க.