கைப்பிடிச்சுவர் யாருக்காக?



இவ்வாரத் தியானத்துக்கு உபாகமம் 22-ஆம் அதிகாரம் 8-ஆம் வசனத்தை எடுத்துக்கொள்வோம். பிரசங்கங்களில் அரிதாகவே கேட்கப்படும் வசனம் அது. புதிதாக வீடு கட்டுகிறவன் அதன் மேல்தளத்தைச் சுற்றிக் கைப்பிடிச்சுவர் எழுப்பக் கடமைப்பட்டவன். அதைச் செய்யாமல் விட்டு, அங்கிருந்து யாரேனும் விழுந்து மாண்டால் அந்தப் பழி அவ்வீட்டைச் சேரும் என்பது அதன் பொருள்.

இஸ்ரவேலரின் வீடுகளுக்குத் தட்டையான கூரைகள் இருந்தன. தானியம் உலர்த்துவதும், இரவில் காற்று வாங்குவதும், விருந்தினரைத் தங்க வைப்பதும் அங்கேதான். எரிகோவில் ராகாப் வேவுகாரர்களை மறைத்து வைத்ததும், யோப்பாவில் பேதுரு ஜெபிக்க ஏறியதும் அப்படிப்பட்ட கூரைகளின்மேல்தான். வீட்டுக்காரனுக்கு விளிம்பு எங்கே இருக்கிறது என்பது இருட்டிலும் தெரியும். வந்து தங்கும் அந்நியனுக்குத் தெரியாது. ஓடி விளையாடும் குழந்தைக்கும் தெரியாது. ஆகவே அந்தச் சுவர் கட்டினவனின் வசதிக்காகச் சொல்லப்பட்டதன்று, மற்றவனின் உயிருக்காகச் சொல்லப்பட்டது. வீடு கட்டாதே என்று தேவன் கூறவில்லை. உன் வீட்டினால் இன்னொருவன் சாகலாகாது என்றார். அயலானை நேசிக்கும் கட்டளையைச் செங்கல்லிலும் சுண்ணாம்பிலும் எழுதிக் காட்டிய வசனம் இது.

இப்பொழுது இதை நினைவூட்டக் காரணம் உண்டு. நம் சபைக் குடும்பங்களின் பிள்ளைகள் பலர் சென்னையின் தென்புறத்தில், பழைய மகாபலிபுரம் சாலை ஓரத்தில் வேலை செய்கிறார்கள். சிலர் அங்கே அடுக்குமாடி வீடு வாங்கியிருக்கிறார்கள். வேறு சிலர் வாங்குவதற்காக இங்குள்ள நிலத்தை விற்க யோசிக்கிறார்கள். அந்தப் புறநகரைப் பற்றி நீதிமன்றம் வரை சென்றுள்ள வழக்காடல் நமக்குத் தூரத்துச் செய்தி அன்று. நம் வீட்டுப் பணமும் நம் வீட்டு ஜெபமும் அதில் கலந்திருக்கின்றன.

2000-ஆம் ஆண்டில் தரமணியில் டைடல் பூங்கா திறக்கப்பட்ட பின்பு அந்தச் சாலையின் முகம் மாறியது. நெல்வயலும் ஏரியும் சதுப்பும் இருந்த இடங்களில் கண்ணாடி அலுவலகங்களும் வானளாவிய குடியிருப்புகளும் எழுந்தன. அங்கு வாழ்கிறவர்களின் அன்றாடத்தைப் பாருங்கள். வாயிலில் காவலர், உள்ளே நீச்சல்குளம், மின்சாரம் நின்றால் உடனே இயங்கும் ஜெனரேட்டர். ஆனால் குடியிருப்புகள் பலவற்றுக்குத் தண்ணீர் டேங்கர் லாரியில் வருகிறது. கழிவுநீரும் லாரியிலேயே வெளியேறுகிறது. 2019-ஆம் ஆண்டுக் கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டபோது, அச்சாலையின் நிறுவனங்கள் சில தம் ஊழியரை வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொல்லின. ஜோலார்பேட்டையிலிருந்து இரயிலில் நகரத்துக்குத் தண்ணீர் கொண்டுவரப்பட்டது. அதே பகுதிகளில் 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரின் மிக்ஜாம் புயலிலும் வீட்டுக்குள் வெள்ளம் புகுந்தது. கோடையில் தண்ணீருக்கு ஏங்குவதும் மழையில் தண்ணீருக்கு அஞ்சுவதும் ஒரே ஊரின் வாழ்க்கையாயிற்று.

இந்த இரண்டு துன்பங்களுக்கும் வேர் ஒன்றே. தென்சென்னையின் பல ஏரிகளிலிருந்து வழியும் நீர் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் வந்து சேர்ந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயை அடைந்து, கோவளம் முகத்துவாரத்தில் கடலோடு கலக்க வேண்டும். மழைக்காலத்து நீரை வாங்கி வைத்துக்கொண்டு மெதுவாக விடுகிற பெரிய பஞ்சுபோல் அந்நிலம் ஏற்படுத்தப்பட்டிருந்தது. ஒருகாலத்தில் ஏறக்குறைய 50 சதுர கிலோமீட்டர் பரந்திருந்ததாகச் சொல்லப்படும் அந்தச் சதுப்பில் இன்று எஞ்சியிருப்பது சிறு பகுதியே. குப்பைமேடும் சாலைகளும் நிறுவனங்களும் வீடுகளும் மற்றதை நிரப்பிவிட்டன. எஞ்சியது 2022-ஆம் ஆண்டில் ராம்சார் உடன்படிக்கையின்கீழ் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது.

அதன் பின்னும் சர்ச்சை அடங்கவில்லை. சதுப்பின் எல்லையும் அதன் தாக்கப் பகுதியும் அறிவியல் முறையில் வரையறுக்கப்படும் வரையில், எல்லையைச் சுற்றி 1 கிலோமீட்டருக்குள் புதிய கட்டுமான அனுமதி வழங்கலாகாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு 2025 செப்டம்பரில் உத்தரவிட்டது. அடுத்த மாதத்தின் இறுதியில், பெரும்பாக்கத்தில் எழவிருந்த பெரிய அடுக்குமாடித் திட்டம் ஒன்றுக்குச் சென்னை உயர்நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. ஒரு சாரார் மகிழ்ந்தார்கள். மறு சாரார் கலங்கினார்கள்.

கலங்கியவர்களை எளிதாகக் குற்றவாளிகள் என்று தள்ளிவிட நமக்கு உரிமை இல்லை. வாழ்நாள் சேமிப்பைக் கொடுத்து, இருபது ஆண்டுக் கடனை ஏற்று, அனுமதிக்காகக் காத்திருந்த எளிய குடும்பத்தாரும் அவர்களில் உண்டு. அரசின் முத்திரையைப் பார்த்து நம்பி வாங்கியவன், அந்த முத்திரையே இன்று கேள்விக்குள்ளாவதைக் கண்டு அழுகிறான். அவனுக்காகவும் நாம் ஜெபிக்க வேண்டும். ஆயினும் இரு சாராரின் பேச்சையும் கூர்ந்து கேட்டால், ஒரு குரல் மட்டும் அங்கே மிகவும் மெலிதாக இருக்கிறது. அது தாழ்ந்த இடத்தில் வாழ்கிறவனின் குரல்.

அதே சாலையில் கண்ணகி நகர் இருக்கிறது, செம்மஞ்சேரி இருக்கிறது, பெரும்பாக்கத்தில் அரசு கட்டிய அடுக்குமாடிகள் இருக்கின்றன. சென்னையின் குடிசைப் பகுதிகளிலிருந்து அகற்றப்பட்ட பல்லாயிரம் குடும்பங்கள் அங்கே குடியமர்த்தப்பட்டன. 2015 வெள்ளத்துக்குப் பின்பு, ஆற்றங்கரையில் வாழ்வது உங்களுக்கு ஆபத்து என்று சொல்லி, அடையாறு, கூவம் கரைகளிலிருந்து ஏழைகளை அழைத்துச் சென்றார்கள். சென்று சேர்ந்த இடமோ சதுப்பின் விளிம்பு. வெள்ளத்திலிருந்து காப்பாற்ற வேண்டும் என்று வெள்ளம் தங்கும் பள்ளத்தில் இறக்கிவிட்டது எப்படிப்பட்ட இரக்கம்! உயர்ந்த கோபுரக் குடியிருப்புகளில் பாத்திரம் கழுவவும், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளவும், இரவுக் காவல் காக்கவும் போகிறவர்களில் பலர் அந்தக் குடியிருப்புகளிலிருந்தே போகிறார்கள். மழை நாளில் மேலே இருப்பவரின் வாகன நிறுத்தத்தில் நீர் தேங்கினால் அது செய்தியாகிறது. கீழே இருப்பவளின் ஒரே அறைக்குள் நீர் புகுந்தால் அது வழக்கமாகிறது.

எசேக்கியேல் 34-ஆம் அதிகாரத்தில் தேவன் தம் மந்தையின் கொழுத்த ஆடுகளை நோக்கிக் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. தெளிந்த தண்ணீரை நீங்கள் குடித்தது போதாதா, மீதியை ஏன் கால்களால் கலக்கினீர்கள் என்ற கருத்தில் அவர் வினவுகிறார். அங்கே அவர் மேய்ப்பர்களோடு மட்டும் வழக்காடவில்லை. ஆட்டுக்கும் ஆட்டுக்கும் நடுவே நியாயம் விசாரிக்கிறார். அதிகாரிகளையும் கட்டுமான நிறுவனங்களையும் குறைகூறி முடித்துவிட்டால், மேய்ப்பர்களைக் குறித்த பகுதியை மட்டும் வாசித்தவர்களாவோம். கொழுத்த ஆட்டின் காலடியில் என்ன நடக்கிறது என்பதும் விசாரணைக்கு உரியதே. குடித்தது குற்றம் என்று கர்த்தர் சொல்லவில்லை. பின்னால் நிற்கிற மெலிந்த ஆட்டை நினையாமல் கலக்கியதே குற்றம்.

ஆகவே வளர்ச்சி வேண்டுமா, வேண்டாமா என்ற கேள்வி பிழையாகக் கேட்கப்பட்ட கேள்வி என்பது என் எண்ணம். நம் பிள்ளைகளுக்கு வேலை வேண்டும். வேலை இருக்கும் இடத்தில் வீடும் வேண்டும். மண்ணையும் மழையையும் நம்பி வாழ்ந்து களைத்த தகப்பன், தன் மகளாவது ஒரு நல்ல வீட்டில் குடியிருக்கட்டும் என்று விரும்புவதில் பாவம் இல்லை. கேட்க வேண்டியது வேறு: இந்த வீட்டுக்குக் கைப்பிடிச்சுவர் உண்டா? அதாவது, இது எழும்புவதால் தண்ணீர் யாருடைய வாசலுக்குத் திரும்புகிறது? நமக்கு வரும் லாரித் தண்ணீர் எந்தக் கிராமத்துக் கிணற்றின் ஆழத்தைக் கூட்டுகிறது? விளிம்பு எங்கே என்று அறியாமல் விழப்போகிறவர் யார்?

இக்கேள்விகள் சென்னையோடு நின்றுவிடுபவை அல்ல. செஞ்சிக் கோட்டை, மராட்டிய இராணுவ நிலக்காட்சிகள் என்ற தொகுப்பின் 12 கோட்டைகளுள் ஒன்றாக, 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. தமிழ்நாட்டிலிருந்து அத்தொகுப்பில் இடம்பெற்ற ஒரே கோட்டை அது. நமக்கு அது மகிழ்ச்சியே. வருவோர் பெருகினால் விடுதியும் கடையும் மனைப்பிரிவும் பெருகும். நிலத்தின் விலையைப் பற்றிய பேச்சும் பெருகும். அனந்தபுரத்தைச் சுற்றியுள்ள வயல்களின் வரப்பிலும் ஒருநாள் வண்ணக்கொடி கட்டிய மனைக்கற்கள் நிற்கலாம். அன்று நாம் என்ன செய்யப்போகிறோம்?

நம் முன்னோர் இந்த வறண்ட பூமியில் ஏரிகளைச் சங்கிலியாகக் கோத்தார்கள். மேலேரி நிரம்பிக் கோடி போனால் அந்நீர் கீழேரிக்குப் போகும்; அது நிரம்பினால் அடுத்த ஊருக்குப் போகும். தனக்குப் போதும் என்ற அளவு வந்ததும் மிகுதியை அடுத்தவனுக்குத் திறந்துவிடும் ஒழுங்கு அது. கலிங்கின் உயரத்தைக் கூட்டி அடுத்த ஊரின் பங்கைப் பிடித்துவைக்கிறவனோடு ஊரே வழக்குக்கு நின்றது. செஞ்சி மலைகளில் பிறக்கும் சங்கராபரணி ஆறும் நம்மோடு நிற்பதில்லை. வீடூர் அணையைக் கடந்து புதுச்சேரிக்குப் போய்க் கடலைச் சேருகிறது. நாம் இங்கே ஓடையை மூடினால், நாம் முகமறியாத ஒருவர் அங்கே அதன் பலனை அனுபவிப்பார்.

2024 நவம்பர் இறுதியில் பெஞ்சல் புயல் வந்ததை நாம் மறக்கவில்லை. நம் மாவட்டத்தின் மயிலத்தில் 24 மணி நேரத்தில் 51 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அவ்வளவு நீருக்கு எந்த வாய்க்காலும் முழுமையாக ஈடுகொடுக்காது என்பது உண்மை. ஆனாலும் வரத்துக்கால்வாய் திறந்திருக்கும் ஊருக்கும் அடைபட்ட ஊருக்கும் அப்படிப்பட்ட இரவில்தான் வித்தியாசம் தெரியும்.

ஆகையால் சபையாருக்கு நான் சொல்ல விரும்புவது இதுவே. நிலம் விற்கிறவர்களே, உங்கள் நிலத்தின் ஓரமாக வாய்க்காலோ ஓடையோ செல்லுமானால், விலை பேசும்போதே அது திறந்திருக்க வேண்டும் என்று பேசுங்கள். பத்திரம் எழுதிய பின்பு அது உங்கள் கையில் இராது. வீடோ மனையோ வாங்குகிறவர்களே, சமையலறையின் அளவைப் பார்ப்பதற்கு முன்பு கிராம வரைபடத்தையும் பழைய நில ஆவணங்களையும் பாருங்கள். நீர்நிலைப் புறம்போக்கைத் தொட்டு நிற்கிற இடமானால், எத்தனை முத்திரை இருந்தாலும் விலகுங்கள். அடுக்குமாடியில் வாழும் பிள்ளைகளே, குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் வாகன நிறுத்தத்தைப் பற்றி நீண்ட விவாதம் நடக்கும்போது, உங்கள் கழிவுநீர் லாரி எங்கே போய்க் கொட்டுகிறது என்று ஒருமுறை எழுந்து கேளுங்கள். உங்கள் வீட்டில் வேலை செய்யும் அம்மாவின் வீட்டில் தண்ணீர் புகுந்ததா என்று மழை நின்ற மறுநாள் கேளுங்கள்.

இதனால் சிலருக்கு விலை குறையும். சிலருக்கு நல்ல வாய்ப்பு கைநழுவும். அதை மறைத்துப் பேசுவது போதகனுக்கு அழகன்று. கைப்பிடிச்சுவருக்கும் செலவு உண்டு; அந்தக் கல்லையும் கூலியையும் வேறு அறைக்குச் செலவிட்டிருக்கலாம். அந்தச் செலவை ஏற்காதவன் மிச்சப்படுத்தியதை இன்னொருவன் தன் உயிரால் செலுத்துகிறான் என்பதே வசனத்தின் எச்சரிப்பு.

இவ்வாரம் குடும்ப ஜெபத்தில் பள்ளிக்கரணையின் கரையில் வாழ்கிற எல்லாரையும் நினைவுகூருங்கள்: கடன் கட்டும் குடும்பத்தை, தீர்ப்புச் சொல்லவேண்டிய நீதிபதிகளை, தரைத்தளத்தில் மழைச்சத்தம் கேட்டு விழித்திருக்கும் தாயை. வானத்தையும் பூமியையும் தண்ணீரையும் உண்டாக்கின கர்த்தர் தாமே, நம் வீடுகளையும் அவற்றின் கீழ்ப்புறத்தில் வாழ்கிறவர்களையும் காத்தருள்வாராக. ஆமென்.