நிப்பு மாற்ற ஆளில்லை!



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டார்கள். 'நாட்டின் வளர்ச்சியில் இளைஞர்களின் பங்கு' என்று ஆரம்பித்தால் நீங்கள் பக்கத்தைப் புரட்டிவிட்டு குரூப் போட்டோவில் உங்கள் முகத்தைத் தேடப் போய்விடுவீர்கள். (நானும் அப்படித்தான்!) அதனால் என் சட்டைப் பையில் இருக்கிற ஒரு பேனாவைப் பற்றி எழுதுகிறேன். சின்ன விஷயம்தான். ஆனால் அதில் நம் படிப்பும் மாட்டிக்கொண்டிருக்கிறது.

என் தாத்தா ராஜபாளையத்தில் ஒரு பஞ்சாலையில் முப்பது வருஷம் ஷிப்ட் பார்த்தவர். நான் டிப்ளமோவில் சேர்ந்த அன்று, துணியில் சுற்றி வைத்திருந்த ஒரு கறுப்பு இங்க் பேனாவை எடுத்துக் கொடுத்தார். "நான் இதுல சம்பள நாள்ல கையெழுத்து மட்டும்தான் போட்டேன். நீ படிச்சு எழுதுப்பா" என்றார். அன்றிலிருந்து ரெக்கார்டு நோட்டு முழுக்க அந்தப் பேனாதான். மூன்றாம் செமஸ்டரில் ஒருநாள் ஒர்க்‌ஷாப்பில் குனிந்தபோது பையிலிருந்து நழுவி, தரையில் நிப்பு குத்தி விழுந்தது. நிப்பு வளைந்தது. அதற்குப் பிறகு எழுதினால் கீறும். எழுதாமல் வைத்தால் கக்கும். இரண்டு வெள்ளைச் சட்டை போனது.

சரி, நிப்பு மாற்றிவிடலாம் என்று ஒரு சனிக்கிழமை கிளம்பினேன். ராஜபாளையத்தில் பஞ்சு மார்க்கெட்டில் ஆரம்பித்து, தென்காசி ரோடு வரைக்கும் கண்ணில் பட்ட நோட்டுப் புத்தகக் கடை, பேன்சி ஸ்டோர் ஒன்றையும் விடவில்லை. "இங்க் பேனாவா? அதெல்லாம் இப்ப யாரு தம்பி வாங்குறா? ஜெல் பேனா பத்து ரூபா, எடுத்துக்கோ" என்றார் ஒருவர். இன்னொரு கடையில் கண்ணாடி அலமாரிக்குள் சீனத்து ஹீரோ பேனா ஒன்று தூசி மூடிக் கிடந்தது. மூன்றாவது கடையில் இங்க் பாட்டில் இருந்தது. திறந்து பார்த்தால் அடியில் காய்ந்துபோன நீலப் பொடி!

நண்பர்களே, இது எப்படிப்பட்ட ஊர் என்று யோசித்துப் பாருங்கள். பக்கத்திலேயே சிவகாசி. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து இருபது கிலோமீட்டர் போல. நாடு முழுக்கப் போகிற நோட்டும் டைரியும் காலண்டரும் அங்கே அச்சாகின்றன. ஸ்ரீவில்லிபுத்தூரிலோ 1875-இல் தொடங்கிய பென்னிங்டன் நூலகம் இருக்கிறது. எழுதுவதற்குத் தாளும், படிப்பதற்குப் புத்தகமும் இருக்கிற சீமையில் ஒரு பேனாவுக்கு நிப்பு மாற்ற ஆளில்லை!

கடைசியில் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தானே. கோயில் பக்கத்து ரத வீதிகளில் விசாரித்து விசாரித்து, பால்கோவாக் கடைகளைத் தாண்டி (தாண்டுவதற்குள் ஐம்பது ரூபாய் காலி!) ஒரு சின்ன எழுதுபொருள் கடைக்கு வந்து சேர்ந்தேன். வயதான அண்ணாச்சி. பேனாவை வாங்கி, மூடியைத் திறந்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இது எபோனைட்டு. பிளாஸ்டிக்கு இல்ல" என்றார். மேஜைக்கு அடியிலிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்தார். உள்ளே நூறு இருநூறு நிப்புகள்!

அவர் செய்ததைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நிப்பையும் அதற்கு அடியில் இருக்கும் கறுப்புக் கட்டையையும் துணி வைத்து இழுத்து எடுத்தார். பழைய மைக்கசடைத் தண்ணீரில் கழுவினார். புது நிப்பை வைத்து, கட்டையைக் கொதிநீரில் ஒரு நிமிஷம் முக்கி, விரலால் நிப்போடு சேர்த்து அழுத்தினார். "சூடு பட்டா எபோனைட்டு இளகும். நிப்புக்கும் கட்டைக்கும் நடுவுல சந்து இருக்கக்கூடாது. சந்து இருந்தா கக்கும்" என்றார். பத்தே நிமிஷம். பேனா வழுக்கிக்கொண்டு எழுதியது. நிப்புக்கு மட்டும்தான் காசு வாங்கினார்.

அந்தப் பத்து நிமிஷத்தில் எனக்கு ஒரு வருஷப் பாடம் விளங்கியது. முதலாம் ஆண்டு இயற்பியலில் நுண்புழைத் தத்துவம் படித்தோமே, ஞாபகம் இருக்கிறதா? இரண்டு மார்க் கேள்விக்காக மனப்பாடம் செய்தோம். அது இந்தக் கட்டைக்குள்தான் உட்கார்ந்திருக்கிறது! நிப்பின் நடுவில் ஒரு கீறல், கட்டையில் மயிரிழை போல ஒரு காடி. மை கீழே இறங்க இறங்க, அதற்கு ஈடாகக் காற்று மேலே ஏற வேண்டும். ஏறாவிட்டால் மை நின்றுவிடும். கட்டுப்பாடில்லாமல் ஏறினால் கொட்டிவிடும். அமெரிக்காவில் வாட்டர்மேன் என்பவர் 1884-இல் காப்புரிமை வாங்கியது இந்தக் கட்டைக்குத்தான்.

"இதெல்லாம் பழம்பெருமை, பால் பாயிண்ட் வந்தது வசதிக்குத்தானே?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. உண்மைதான். 1938-இல் ஹங்கேரிக்காரர் பீரோ கெட்டியான மையையும் உருளும் குண்டையும் சேர்த்துக் காப்புரிமை வாங்கினார். அவர் பத்திரிகையாளர், செய்தித்தாள் மை சீக்கிரம் காய்வதைப் பார்த்து யோசித்தவர். கார்பன் வைத்துப் படிவம் எழுத அதுதான் லாயக்கு. சட்டைப் பையும் தப்பிக்கும். நானும் அவசரத்துக்கு ஜெல் பேனாதான் எடுக்கிறேன். அதைக் குறை சொல்ல வரவில்லை.

நான் சொல்ல வருவது வேறு. பத்து ரூபாய் பேனா நின்றுபோனால் நாம் என்ன செய்கிறோம்? ஜன்னல் வழியாக எறிகிறோம். நம் ஹாஸ்டலுக்குப் பின்னால் போய்ப் பாருங்கள். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்கள் பதினான்கு வகைக்குத் தடை. அந்தப் பட்டியலில் பேனா இல்லை. ஆனால் குப்பைக்கு அது தெரியுமா? கெட்டால் கழற்று, பார், சரிசெய் என்று மூன்று வருஷம் நமக்குச் சொல்லித் தருகிறார்கள். நம் கையிலேயே இருக்கிற கருவியை மட்டும் கழற்றக்கூடத் தெரியாமல் எறிகிறோம். இது டிப்ளமோக்காரனுக்கு அழகா?

ஜெர்மனியில் வேலைக்குப் போயிருக்கிற நம் சீனியர் அண்ணன் ஒருவர் ஹாம்பர்க் நகரத்துக் கடைவீதியிலிருந்து போட்டோ அனுப்பியிருந்தார். பேனாவுக்கும் தாளுக்கும் மட்டும் தனிக்கடை! மேஜை மேலே எழுதிப் பார்க்கத் தாள், பக்கத்தில் மைப் புட்டி. மாண்ட்பிளாங்க் பேனா பிறந்த ஊர் அது. லாமி பேனா 1930 முதல் ஹைடல்பெர்க்கில். அந்த நாட்டில் இன்றும் பல பள்ளிகளில் சின்னப் பிள்ளைகள் இங்க் பேனாவில்தான் எழுதிப் பழகுகிறார்கள். "நம்ம ஊர்ல இப்படி ஒரு கடை இருந்தா எப்படி இருக்கும்டா!" என்று ஏங்கியிருந்தார் அண்ணன்.

ஏங்க வேண்டியதில்லை. நமக்கும் இருந்தது, இருக்கிறது. ஆந்திராவில் ராஜமுந்திரியில் ரத்தினம் பேனா 1932 முதல். அவர்கள் அனுப்பிய பேனாவைப் பயன்படுத்திப் பார்த்துவிட்டு, அந்நியப் பேனாக்களுக்கு நல்ல மாற்று என்று 1935-இல் காந்தியடிகள் கடிதம் எழுதினார். நம் திருவள்ளூரில் ரங்கா பேனா. ஒரு குடும்பம் எபோனைட் ராடை லேத்தில் பிடித்துக் கையாலேயே பேனா செய்கிறது. வெளிநாட்டுக்காரர்கள் ஆர்டர் கொடுத்துக் காத்திருந்து வாங்குகிறார்கள். அதில் என்ன வேலை இருக்கிறது தெரியுமா? ஃபேசிங், டர்னிங், டிரில்லிங், திரெட் கட்டிங். நம் இரண்டாம் ஆண்டு லேத் பிராக்டிகல்தான், வேறு ஒன்றுமில்லை!

இப்போது மனசை அழுத்துகிற விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் மை வாங்க மறுபடியும் அண்ணாச்சி கடைக்குப் போனேன். மகன் திருப்பூரில் வேலையாம். "எனக்கப்புறம் இதுல யாரும் உக்கார மாட்டாக தம்பி. தை வரைக்கும் பாப்பேன், அப்புறம் கடைய ஒப்படைச்சுருவேன்" என்றார். பிறகு அந்த பிஸ்கட் டப்பாவை என் பக்கம் தள்ளினார். "நீ லேத்து படிக்கிற பிள்ளதான? இத எடுத்துக்கிறியா?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. "யோசிச்சு சொல்றேன் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டேன். டப்பாவை வாங்கிக்கொள்வது சுலபம். அவர் விரலில் இருக்கிற வேலையை யார் வாங்குவது?

ராத்திரி முழுக்க யோசித்ததில் தோன்றியதைச் சங்கத்தின் முன் வைக்கிறேன். ஒன்று, நம் கூட்டுறவு ஸ்டோரில் இங்க் பாட்டிலும், நாலு சாதாரண இங்க் பேனாவும், ஒரு ஃபில்லரும் வைக்க வேண்டும். இரண்டு, தை பிறப்பதற்குள் ஒரு சனிக்கிழமை அண்ணாச்சியை இங்கே அழைத்துவந்து, பஸ் செலவும் மரியாதையும் கொடுத்து, நிப்பு மாற்றும் வேலையைக் கற்றுக்கொள்ள வேண்டும். மூன்று, மெக்கானிக்கல் பிரிவில் ஒரு குழு இந்த வருஷம் புராஜெக்டாக ஒரு பேனாவைக் கடைந்து பார்க்கலாம். கக்கினால் கக்கட்டும், ஏன் கக்குகிறது என்று கண்டுபிடிப்பதுதானே புராஜெக்ட்!

தலைவர்கள் சிரிக்கலாம். பரவாயில்லை. சனிக்கிழமை வர விருப்பமுள்ளவர்கள் லேத் ஷாப் வாசலில் என்னிடம் பெயர் கொடுங்கள். நாலு பெயர் சேர்ந்தால் போதும், அண்ணாச்சியிடம் போய், "டப்பாவைக் குடுங்க" என்று தைரியமாகச் சொல்லிவிடுவேன்.

முதல் பெயரை நானே எழுதிவிட்டேன், தாத்தா பேனாவால்.

— மூன்றாம் ஆண்டு, மெக்கானிக்கல்