அவகாசம் என்ற சொல்

நம் சிறுபத்திரிகைகளில் சுற்றுச்சூழல் கவிதைகள் பெருகிவிட்டன. செத்த சிட்டுக்குருவி, வற்றிய நதி, வெட்டுண்ட வேம்பு, கடைசி வரியில் ஒரு பெருமூச்சு. இவற்றில் புகை வந்தால் அது நவீன வாழ்வின் குறியீடாக மட்டுமே வருகிறது. எந்த உலையிலிருந்து, யார் அனுமதியில் வருகிறது என்ற கேள்வி கவிஞனுக்கு எழுவதே இல்லை. இக்கவிதைகளின் சோகத்தின் மீது எனக்கு ஆட்சேபம் இல்லை. அவற்றில் துல்லியம் இல்லை என்பதே என் புகார். துல்லியமற்ற சோகம் யாரையும் தொந்தரவு செய்வதில்லை, எழுதியவனையும் சேர்த்து.

கவிதைக்கும் கெஜட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பார்கள். கெஜட்டும் எழுத்துதான். சமீபத்தில் நான் படித்தவற்றில் ஆகத் தேர்ந்த சாமர்த்தியம் அதில்தான் இருக்கிறது. 2015 டிசம்பரில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் அனல்மின் நிலையங்களின் புகைக்குப் புதிய வரம்புகள் விதித்தது. கந்தக டை ஆக்ஸைடும் அதில் உண்டு. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த நிலையங்களுக்கு இரண்டு வருஷ அவகாசம். 2017 வந்தது, கெடு 2022க்குப் போயிற்று. 2021இல் நிலையங்களை மூன்று வகையாகப் பிரித்து, கடைசி வகைக்கு 2024 என்றார்கள். 2022இல் அது 2026 ஆயிற்று. 2024 டிசம்பரில் 2029. பிறகு 2025 ஜூலை 11ந் தேதி, கடைசி வகைக்கு அந்த வரம்பிலிருந்தே விலக்கு. புகைபோக்கி விதித்த உயரத்தில் இருந்தால் போதும். ஏறத்தாழ 78 சதவிகித யூனிட்டுகள் அந்தக் கடைசி வகைதான்.

நான்கு முறை தேதியை நகர்த்தினார்கள். ஐந்தாவது முறை நகர்த்தத் தேதியே இல்லை.

காரணங்கள் சொல்லப்பட்டன. நம் நிலக்கரியில் கந்தகம் குறைவு என்றார்கள். உண்மை, அரை சதவிகித அளவில்தான். ஆனால் எண்பது கோடி டன் எரித்தால் அரை சதவிகிதம் நாற்பது லட்சம் டன். காற்றில் அந்த வாயு வரம்புக்குள்தான் இருக்கிறது என்றார்கள். அது வாயுவாகவே இருந்துவிடுவதில்லை. அமிலமாகி, அம்மோனியாவோடு கூடி, நுண்துகளாகி நூற்றுக்கணக்கான மைல் போகிறது. அளவுமானி அதை வேறு பெயரில், வேறு பத்தியில் குறித்துக்கொள்கிறது. மூன்றாவது காரணம்தான் உச்சம். கந்தகத்தை நீக்கும் சாதனத்துக்குச் சுண்ணாம்புக்கல்லும் கூடுதல் மின்சாரமும் வேண்டும், அதனால் கரியமில வாயு கூடிவிடும் என்பது. நிலக்கரியை எரித்துக்கொண்டே சுண்ணாம்புக்கல்லின் கரியமிலத்துக்காகக் கவலைப்படும் பாத்திரத்தை எந்த அபத்த நாடகக்காரனும் யோசித்திருக்கமாட்டான்.

உயரமான புகைபோக்கி ஒன்றும் புது யோசனையல்ல. 1952இல் லண்டன் புகைமூட்டத்தில் ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். பிற்பாடு பிரிட்டன் தன் மின்நிலையங்களுக்கு மேலும் மேலும் உயரமாகக் கட்டியது. டிராக்ஸ் நிலையத்தினுடையது 259 மீட்டர். பக்கத்து ஊர் தெளிந்தது. கந்தகம் கடல் தாண்டி ஸ்காண்டிநேவிய ஏரிகளில் அமில மழையாக இறங்கி மீன்களைக் கொன்றது. 1972 ஸ்டாக்ஹோம் மாநாட்டில் ஸ்வீடன் இதைத்தான் முறையிட்டது. உயரம் புகையின் விலாசத்தை மாற்றித் தருகிறது, அவ்வளவே.

இதற்குள் முற்போக்கு நண்பர்கள் 'முதலாளித்துவம்' என்று ஒரே வார்த்தையில் தீர்ப்பு எழுதியிருப்பார்கள். நாட்டின் நிலக்கரி மின்நிலையங்களில் பெரும்பகுதி மத்திய, மாநில அரசுகளின் சொத்து. கொசஸ்தலையாற்றின் கழிமுகத்தில், எண்ணூரில், சாம்பல் சேர்ந்தது மாநில மின்வாரியத்தின் நிலையத்திலிருந்து. தூய கலை நண்பர்களுக்கோ இதெல்லாம் 'வெளி விஷயம்'. ஒருவர் கோஷத்துக்குள் நுழைந்துகொள்கிறார், மற்றவர் படிமத்துக்குள். பெயர் சொல்லும் வேலை இருவருக்கும் மிச்சம்.

தூத்துக்குடியில் இந்த வாயுவின் பெயர் தெருவில் புழங்கியது. தாமிர உருக்காலைப் பக்கத்து ஜனங்களுக்கு அது குறியீடல்ல, தொண்டை எரிச்சல். 2018 மே மாதத் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் செத்தார்கள். அதே வாயுவுக்கு நாடு முழுக்க விலக்கு வந்தபோது நம் பத்திரிகைகளில் ஒரு வரி என் கண்ணில் படவில்லை.

நான் பிரசாரக் கவிதை கேட்கவில்லை. கெட்ட கவிதை நல்ல காரியத்துக்கும் உதவாது. சொல்லைச் சோதிப்பது நம் தொழில் என்று சொல்லிக்கொள்கிறோமே, அதைச் செய்யுங்கள் என்கிறேன். 2017இல் டி.எம். கிருஷ்ணா பாடிய 'சென்னை புறம்போக்குப் பாடல்' வசையாகிப்போன ஒரு சொல்லை எடுத்து, அது பொதுநிலத்தின் பெயர் என்பதை எண்ணூர்க் கழிமுகத்தில் நின்று ஞாபகப்படுத்தியது. ஒரு சொல்லைக்கொண்டே அவ்வளவு முடிந்தது.

நம் முன் 'அவகாசம்' கிடக்கிறது. கெடு நீளும்போதெல்லாம் செய்தித்தாள்கள் உபயோகிக்கும் சொல். தமிழில் அதற்கு நேரம் என்று பொருள். பக்கத்து மலையாளத்தில் அதே சொல்லுக்கு உரிமை என்று பொருள். பத்து வருஷத்தில் அது தமிழ் அர்த்தத்திலிருந்து மலையாள அர்த்தத்துக்கு நகர்ந்ததை ஒரு விமர்சகனும் கவனிக்கவில்லை. யாருக்கு நேரம், யாருக்கு உரிமை என்று கேட்டிருந்தால் அங்கேயே ஒரு கவிதை ஆரம்பித்திருக்கும்.

பெருநகரங்களை ஒட்டிய முதல் வகை நிலையங்களுக்கு இன்னும் ஒரு தேதி மிச்சமிருக்கிறது: 2027 டிசம்பர் 30. அதுவும் நகருமானால், அன்றைக்காவது சிட்டுக்குருவியை விட்டுவிட்டு அந்த அறிவிக்கையை ஒருமுறை வாசியுங்கள்.